அக்கா தண்ணீரில் இறங்கவேயில்லை

எங்கள் ஊரில் ஒருவரைக் கூப்பிடுவதென்றால் அடிவயிற்றிலிருந்து கூப்பிட வேண்டும். ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் கடல், நடுவில் ஒரு துண்டு மணல், அதன் மேல் எங்கள் வீடுகள். காற்று ஓயவே ஓயாது. பழவேற்காட்டுக் கரையில் பிறந்த யாருக்கும் மெல்லப் பேச வராது. சென்னையில் கல்லூரி விடுதியில் சேர்ந்த முதல் வாரம், பக்கத்துக் கட்டிலில் இருந்தவளிடம் சோப்பு கேட்டேன். மேல்மாடியில் இருந்தவள் சோப்போடு இறங்கி வந்தாள். அன்றிலிருந்து மூன்று வருஷமும் எனக்கு மைக்செட் என்றுதான் பேர்.

அந்தத் தொண்டையை வைத்துக்கொண்டு நான் எவ்வளவு கத்திக் கூப்பிட்டாலும் திரும்பாத ஒரு ஆள் இருக்கிறான். என் அக்கா மகன். நான்கு வயது. பிறவியிலேயே காது கேட்காது. அதற்குக் காரணம் நான்தான். இதைச் சொல்ல எனக்கு நான்கு வருஷம் ஆயிற்று.

இப்போது நான் ஒரு கல்லூரி அலுவலகத்தில், சேர்க்கைப் பிரிவில் வேலை பார்க்கிறேன். ஜூன் மாதம் வந்தால் என் மேசை முன்னால் பிள்ளைகள் வரிசை கட்டி நிற்பார்கள். மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், புகைப்படம் எல்லாம் வாங்கி வைத்துவிட்டு, "தடுப்பூசி அட்டை எங்க?" என்று கேட்பேன். விண்ணப்பத்தில் அப்படி ஒரு கட்டமே கிடையாது. நானாகக் கேட்பதுதான். "அதெல்லாம் சின்ன வயசுலயே போட்டாச்சு மேடம்" என்பார்கள். "எது எது போட்ட, சொல்லு பாப்போம்" என்பேன். முழிப்பார்கள். கூட வந்த அம்மாவைத் திரும்பிப் பார்ப்பார்கள். பதினாறு வயதில் போட வேண்டிய டிடி ஊசி போட்டாயா, தட்டம்மை, ரூபெல்லாவுக்கு இரண்டு தவணையும் முடிந்ததா என்று நான் கேட்கக் கேட்க வரிசை நீண்டுகொண்டே போகும். என் முதுகுக்குப் பின்னால் என்னை 'ஊசி மேடம்' என்கிறார்கள். மேலதிகாரி இரண்டு தடவை கூப்பிட்டு, "இது அட்மிஷன் செக்‌ஷனா, ஆரம்ப சுகாதார நிலையமா?" என்று கேட்டுவிட்டார். கேட்கட்டும்.

நான் இரண்டாம் வருஷம் படித்தபோது எங்கள் கல்லூரியில் ஒரு வெள்ளிக்கிழமை ஊசி முகாம் போட்டார்கள். நாங்கள் கைக்குழந்தையாக இருந்த காலத்தில் அரசு போட்ட ஊசிகளில் ரூபெல்லா என்கிற அம்மைக்கு எதுவும் இல்லை. பிறகு பள்ளிக்கூடங்களுக்கு வந்து போட்டபோது எங்களுக்கு அந்த வயது தாண்டிவிட்டது. இரண்டு பக்கமும் இல்லாமல் நடுவில் விழுந்தவர்கள் நாங்கள். முகாமுக்கு வந்த டாக்டர் அம்மா அதை மைக்கில் நன்றாகத்தான் சொன்னார். "உங்களுக்கு வந்தா மூணு நாள்ல போயிடும். வீட்டுல யாராவது மாசமா இருந்து அவங்களுக்கு ஒட்டிக்கிட்டா, வயித்துல இருக்குற குழந்தையோட கண்ணு, காது, இதயம் எல்லாத்தையும் கெடுத்துடும். நீங்க போட்டுக்குறது உங்களுக்காக மட்டும் இல்ல." நான் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நான்கு மணிக்குப் பொன்னேரி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும்.

சனி, ஞாயிறு வந்தால் நான் அம்மாவோடு ஏரியில் இறங்குவேன். இடுப்பளவுத் தண்ணீரில் குனிந்து, சேற்றை இரண்டு கையாலும் தடவி இறால் பிடிப்போம். பிடித்ததை இடுப்பில் கட்டிய பறிக்கூடைக்குள் போட்டுக்கொண்டே போக வேண்டும். ஊசி போட்டால் இரண்டு நாள் கை வலிக்கும் என்றார்கள். கை வலித்தால் எப்படித் தடவுவது? வகுப்புத் தோழியிடம் அதைத்தான் சொன்னேன். சொல்லும்போது நியாயமாகத்தான் இருந்தது. ஆனால் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன், எனக்கு ஊசி என்றால் பயம். கடலில் பிறந்து வளர்ந்தவளுக்கு இத்தனூண்டு ஊசிக்குப் பயம் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. வரிசையும் நீளமாக இருந்தது. "என் பேருக்கு நேரா நீயே ஒரு கையெழுத்துப் போட்டுடு" என்று தோழியிடம் சொல்லிவிட்டுப் பையைத் தூக்கிக்கொண்டு ஓடினேன். அவளும் போட்டுவிட்டாள். நல்ல தோழி.

அடுத்த வருஷம் கோடைப் பரீட்சை முடியும் சமயத்தில் பக்கத்துக் கட்டில்காரிக்கு லேசாகக் காய்ச்சல் வந்தது. முகத்தில் சின்னச் சின்னச் சிவப்புப் புள்ளிகள். காதுக்குப் பின்னால் கொட்டைப்பாக்கு அளவுக்கு வீங்கியிருந்தது. "தொட்டுப் பாரேன்" என்று என் விரலைப் பிடித்து அதன்மேல் வைத்தாள். கல்லூரி நர்ஸ் வந்து பார்த்துவிட்டு அவளைத் தனி அறைக்கு அனுப்பினார். எங்கள் அறையில் இருந்த மற்றவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையிலிருந்த பதிவேட்டைப் பார்த்தார். என் முறை வந்தது. விரலால் தேடிக் கையெழுத்தைக் கண்டுபிடித்து, "நீதான் போட்டாச்சே, உனக்குப் பயமில்ல, ஊருக்குப் போலாம்" என்றார். "சரி சிஸ்டர்" என்றேன். "நான் போடல சிஸ்டர்" என்று சொல்ல எத்தனை நொடி ஆகியிருக்கும்? அந்த நர்ஸ் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்துச் சிரித்தது இன்னும் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது. பாவம், அவர் காகிதத்தை நம்பினார்.

வீட்டுக்குப் போனால் அக்கா வந்திருந்தாள். அவளைக் கட்டிக்கொடுத்தது பக்கத்துக் குப்பத்தில். மாமா ஃபைபர் போட்டில் கடலுக்குப் போகிறவர். கல்யாணமாகி ஐந்து வருஷமாகக் குழந்தை இல்லாமல், அவள் மாமியார் வாயால் கேட்காத பேச்சில்லை. என்னைப் பார்த்ததும் ஓடி வந்து காதில் சொன்னாள். எங்கள் ஊர்க்காரி காதில் சொன்னால் எப்படி இருக்கும்? தெருவுக்கே கேட்டது. "அடியேய், நாள் தள்ளிப் போயிருக்குடி!" நைனா, எங்கள் அப்பா, வலைக்கு நூல் கோத்துக்கொண்டிருந்தவர் குனிந்த தலை நிமிராமல் சிரித்துக்கொண்டார். அக்கா வாந்தி எடுத்து எடுத்து ஓய்ந்துபோயிருந்ததால், தெளியும்வரை அம்மா வீட்டில் இருக்கட்டும் என்று மாமா கொண்டுவந்து விட்டிருந்தார். நானும் அவளும் ஒரே பாயில் படுத்தோம். ஒரே தட்டில் சாப்பிட்டோம். எனக்குக் கொடுத்த மாங்காயைக் கடித்துப் பார்த்து, புளிப்பாக இருந்தால் பிடுங்கிக்கொள்வாள்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஒரு நாள் அம்மாவோடு ஏரியிலிருந்து கரையேறியபோது எனக்கு உடம்பு கணகணவென்று இருந்தது. துணி மாற்றும்போது பார்த்தால் கழுத்திலும் மார்பிலும் சிவப்புப் புள்ளிகள். அந்தக் கோடையில் முகத்துவாரம் வழியாகச் சொறிமுட்டை நிறைய உள்ளே வந்திருந்தது. ஜெல்லி மீன்தான், தண்ணீரில் கண்ணாடிக் கிண்ணம் மாதிரி மிதக்கும். பட்டால் எரியும், தடிக்கும். எங்கள் பக்கத்தில் கோடையில் யாருக்காவது உடம்பில் தடிப்பு வந்தால் கேள்வியே கிடையாது.

"இன்னாடி இது, சொறிமுட்டை பட்டுச்சா?" என்றாள் அம்மா.

"பட்டிருக்கும்" என்றேன்.

"புளி கரைச்சுத் தடவு, போயிடும்."

அக்காதான் தடவினாள். "அசையாம உக்காருடி, கழுதை" என்று என் முதுகில் ஒரு அடி போட்டு, ஒவ்வொரு புள்ளியாகத் தேடித்தேடித் தடவினாள். அவள் மூச்சு என் கழுத்தில் பட்டுக்கொண்டிருந்தது. நான் கையைத் தூக்கி, தலைமுடியை ஒதுக்குவது போல் காதுக்குப் பின்னால் தொட்டுப் பார்த்தேன். வீங்கியிருந்தது. சொறிமுட்டை பட்டால் காதுக்குப் பின்னால் வீங்காது.

எனக்கு அந்த நேரம் சந்தேகம் வந்ததா என்று எத்தனையோ முறை என்னையே கேட்டிருக்கிறேன். வந்தது. பொய் சொல்லி இனி ஆகப்போவது ஒன்றுமில்லை. அம்மை என்று வாய் திறந்தால் வாசலில் வேப்பிலை செருகிவிடுவார்கள். நைனா கடலுக்குப் போக மாட்டார், அம்மா ஏரியில் இறங்க மாட்டாள், தண்ணீர் ஊற்றும்வரை வீடே முடங்கிக் கிடக்கும். அதைவிட முக்கியம், ஊசி போட்டுக்கொண்டதாகக் கையெழுத்து வைத்த கதையைச் சொல்ல வேண்டி வரும். சொறிமுட்டை எல்லோருக்கும் வசதியாக இருந்தது. எனக்கு ரொம்பவே வசதியாக இருந்தது. மூன்று நாளில் புள்ளி மறைந்தது. நானும் மறந்துவிட்டதாக நினைத்துக்கொண்டேன்.

அதற்கு அப்புறம் இரண்டு, இரண்டரை வாரம் கழித்து, அக்கா கழுத்தில் புள்ளிகள் வந்தன. லேசாகக் காய்ச்சல்.

"இது இன்னாடி, எனக்கும் வந்துச்சு?" என்று சிரித்தாள்.

அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்: "அவ ஈரத்துணியத் தொவச்சியே, அதுல ஒட்டிக்குனு இருந்திருக்கும். வலையில ஒட்டுனாலே அரிக்குது, துணியில ஒட்டாதா?"

அது எங்கள் ஊரில் நடக்கிற விஷயம்தான். காய்ந்த வலையில் ஒட்டிய சொறிமுட்டை கூடக் கையை எரிக்கும். அதனால் யாரும் அதற்கு மேல் யோசிக்கவில்லை. வாந்தியும் மயக்கமுமாக இருந்த அக்கா, அந்தக் கோடை முழுக்க ஏரியில் கால் நனைக்கவில்லை. கடல் பக்கமும் போகவில்லை. தண்ணீரிலேயே இறங்காதவளுக்குச் சொறிமுட்டை எங்கிருந்து வரும்? அந்த வீட்டில் அதைக் கேட்டிருக்க வேண்டியவள் நான் ஒருத்திதான். தலை பின்னும்போது அக்கா, "காதாண்ட கட்டி கட்டியா கீதுடி, தொட்டுப் பாரேன்" என்று என் விரலைப் பிடித்து வைத்தாள். விடுதியில் தொட்ட அதே வீக்கம். நான் கையை இழுத்துக்கொண்டு, "சூட்டுக் கட்டிக்கா" என்றேன்.

பையன் தை மாதம் பிறந்தான். கைக்குள் அடங்குகிற மாதிரி இருந்தான். ஒரு கண்மணியில் வெள்ளையாக ஏதோ படர்ந்திருந்தது. சென்னையில் பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள். இதயத்தில் ஓட்டை என்றார்கள். கண்ணில் அறுவை செய்தார்கள். பிறகு காதுக்கு ஒரு சோதனை. ஒரு டாக்டர் எல்லாத் தாள்களையும் பரப்பி வைத்துக்கொண்டு அக்காவிடம் கேட்டார்: "மாசமா இருந்தப்ப, முதல் மூணு மாசத்துல, காய்ச்சல் வந்து உடம்புல செவப்பா புள்ளி எதுனா வந்துச்சாம்மா?"

அக்கா யோசித்தாள். நிஜமாகவே யோசித்தாள். "இல்ல சார். சொறிமுட்டை ஒரு தடவ பட்டுச்சு. வேற ஒன்னும் இல்ல."

டாக்டர் சென்னைக்காரர். சொறிமுட்டை என்றால் அவருக்குப் புரியவில்லை. என்னைப் பார்த்தார். அந்த அறையில் படித்தவள் நான் ஒருத்திதான். "கடல்ல இருக்கும் சார், பட்டா தடிக்கும்" என்று விளக்கினேன். ஐயோ, எவ்வளவு அழகாக விளக்கினேன்! அவர் தலையாட்டிவிட்டு எழுதிக்கொண்டார். குழந்தையின் ரத்தச் சோதனை முடிவு வந்ததும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "ரூபெல்லாதான்மா. யார்கிட்டயோ இருந்து வந்திருக்கு. கல்யாணத்துக்கு முன்னாடியே அவங்க ஊசி போட்டிருந்தா தப்பிச்சிருப்பாங்க. மாசமானதுக்கு அப்புறம் போட முடியாது. அப்ப சுத்தி இருக்குறவங்கதான் போட்டிருக்கணும்" என்றார். வெளியே வந்து, "ஏதோ கிருமியாம்" என்று மட்டும் வீட்டில் சொன்னேன். யார்கிட்டயோ என்பதை விழுங்கிவிட்டேன்.

கிருமி என்று சொன்னால் எங்கள் ஊரில் யாருக்குப் போதும்? அக்காவின் மாமியாருக்குக் காரணம் வேறாக இருந்தது. நாள் தள்ளிப்போன புதிதில், ஒரு காலை அக்காவுக்குக் குமட்டிக்கொண்டு வந்து, வாயைப் பொத்தியபடி வாசலுக்கு ஓடியிருக்கிறாள். வாசல் மணலில் வலை விரித்திருந்தது. சுற்றிப் போக நேரமில்லாமல் வலை மேலேயே மிதித்து ஓடிவிட்டாள். எங்கள் பக்கத்தில் பெண்கள் வலையைத் தாண்டக் கூடாது. மாமியார் அதைப் பார்த்திருக்கிறார். "மாசமா இருந்துக்குனு வலையத் தாண்டுனா. கடல்தாயி சும்மா வுடுவாளா?" குழந்தை திரும்பாத ஒவ்வொரு தடவையும் இதைச் சொன்னார். கோபமாகச் சொன்னது போய், பிறகு சாதாரணமாகச் சொல்ல ஆரம்பித்தார். அதுதான் கொடுமை. தெருவும் அதையே சொன்னது.

அக்காவும் அதை நம்பிவிட்டாள். வலை விரித்திருந்தால் அது எவ்வளவு நீளமாக இருந்தாலும் ஓரமாகவே நடந்து, சுற்றிக்கொண்டு போவாள். போகும்போது குனிந்து வலை ஓரத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வாள். ஒரு நாள் அவள் உதடு அசைந்ததைப் பக்கத்தில் நின்று கேட்டேன். "என்னை இன்னா வேணா பண்ணிக்கோம்மா, அவனுக்கு ஒரு காதாவது குடுத்துடு." நான் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அதோடு சரி. மறுநாள் சாப்பிட்டேன், வேலைக்குப் போனேன், மேசையில் உட்கார்ந்து ஊரார் பிள்ளைகளிடம் தடுப்பூசி அட்டை கேட்டேன். என் அக்காவிடம் சொல்ல வேண்டியதை முன்பின் தெரியாத பிள்ளைகளிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இந்த வருஷச் சேர்க்கையில் ஒரு பெண் வந்தாள். அட்டை கேட்டேன். "போட்டாச்சுன்னு எழுதிக்கங்க மேடம், யார் பாக்கப் போறாங்க?" என்று சிரித்தாள். எனக்கு என்ன வந்ததோ, "எழுதிக்கிறதா? எழுதிக்கிறதா?" என்று கத்திவிட்டேன். மைக்செட் அல்லவா, கட்டிடமே திரும்பிப் பார்த்தது. அந்தப் பெண் அழுதுவிட்டாள். "வீட்டுல யார் இருக்காங்க உனக்கு?" என்று கேட்டேன். "அண்ணி, மேடம். மாசமா இருக்காங்க" என்றாள். அரை நாள் லீவு போட்டு, நானே அவளை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போய் ஊசி போட வைத்தேன். முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினாள். நர்ஸ் பஞ்சால் துடைத்தார், போட்டார், முடிந்தது. நான் வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்து அழுதேன். இவ்வளவுதானா? இவ்வளவேதானா?

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். மத்தியானம். மாமியார் மீன் விற்கப் போயிருந்தார். மாமா போட் எஞ்சின் பழுது பார்க்கப் போயிருந்தார். வாசலில் வலை விரித்துக் காய்ந்துகொண்டிருந்தது. வலைக்கு அந்தப் பக்கம், தண்ணீர் ஓரத்தில், பையன் மற்ற பிள்ளைகளோடு நண்டு தோண்டிக்கொண்டிருந்தான். காதுக்குள் கருவி வைக்கலாம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். இதய ஓட்டைக்கான அறுவை முடிந்து அவன் தேறிய பிறகுதான் என்கிறார்கள். வயது கடந்துவிடக் கூடாதே என்று அக்கா புலம்பிக்கொண்டே எனக்குச் சோறு போட்டாள்.

நான் தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னேன். முகாமைச் சொன்னேன், கையெழுத்தைச் சொன்னேன், விடுதிப் பெண்ணின் வீக்கத்தைச் சொன்னேன். "உனக்குச் சொறிமுட்டை பட்லக்கா. நீ தண்ணியிலயே எறங்கல. எனக்கு வந்ததுதான் உனக்கு வந்துச்சு. எனக்கு அன்னிக்கே சந்தேகம் இருந்துச்சு. வலையத் தாண்டுனதுக்கும் இதுக்கும் சம்மந்தமே இல்லக்கா. நீ ஒன்னும் பண்ணல. எல்லாம் நான் பண்ணது."

அடிப்பாள் என்று நினைத்தேன். அடித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். குழம்புக் கரண்டி கையிலேயே இருந்தது. என் காதுக்குப் பின்னால் எதையோ பார்ப்பது போல் பார்த்தாள்.

"அந்த ஊசி போட எவ்ளோ நேரம் ஆவும்?" என்றாள்.

"ரெண்டு நிமிஷம்."

"ரெண்டு நிமிஷம்" என்று அவளும் சொன்னாள். கரண்டியைச் சட்டிக்குள் வைத்தாள்.

என் முகத்தை அதற்கு மேல் பார்க்காமல், "புள்ளய சோத்துக்குக் கூப்புடு" என்றாள்.

பழக்கம். எழுந்து வாசலில் நின்று அடிவயிற்றிலிருந்து, "டேய், சாப்பிட வாடா!" என்று கத்தினேன். கரையில் இருந்த எல்லாப் பிள்ளைகளும் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மட்டும் குனிந்தபடி மணலைத் தோண்டிக்கொண்டிருந்தான். அக்கா என்னைத் தாண்டி வெளியே போனாள். வலை முன்னால் ஒரு கணம் நின்றாள். ஓரத்துக்குப் போகவில்லை, குனிந்து தொடவில்லை. வலை மேலேயே நேராக மிதித்து நடந்துபோய் அவன் தோளைத் தொட்டாள்.